மோட்டார் மேல் விழும் பழி

மோட்டார் சைக்கிளின் செல்ஃப் பட்டனை அமுக்கியும் எஞ்சின் அசையவில்லை என்றால், முதலில் பழி விழுவது ஸ்டார்டர் மோட்டார் மேல்தான். "மோட்டார் போய்ட்டுது" என்ற தீர்ப்போடுதான் பல வண்டிகள் கராஜுக்கு உருட்டிக்கொண்டு வரப்படுகின்றன. மின்சாரத்தால் எஞ்சினைக் கிளப்பும் முறை வந்து நூறாண்டுக்கு மேலாகிறது. அந்தக் காலம் முழுவதையும் எடுத்துப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு திரும்பத் திரும்பத் தவறியிருப்பது தெரியும். கிளப்புவதற்கான சக்தி எங்கே சேர்ந்திருக்கிறது, எந்த வழியாக வருகிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும். மோட்டார் கடைசியாகச் சந்தேகிக்க வேண்டியது. இது எந்த மெக்கானிக்கும் அறிந்த விதிதானே என்று கேட்கலாம். அறிந்த விதிதான். ஆனாலும் வண்டிக்காரர்கள் அதற்கு நேர்மாறாகவே நினைக்கிறார்கள். அப்படி நினைக்கப் பழகியது எப்படி என்பது கைநூலில் இல்லை. வண்டிகள் வந்த வரலாற்றில் இருக்கிறது. இலங்கை மலையகத்தில், அதிலும் பொகவந்தலாவை போன்ற ஒரு பள்ளத்தாக்கில் வைத்துப் பார்த்தால் அந்த வரலாறு நன்றாகத் தெளிகிறது.

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகக் கெஹெல்கமு ஓயாவின் போக்குக்கு எதிராக மேலே போனால், நான்காயிரம் அடிக்கும் கூடுதலான உயரத்தில் பொகவந்தலாவை. வெளியார் இந்த ஊரை இரண்டு காரணங்களுக்காக அறிவார்கள். ஒன்று தேயிலை, அதன் தரத்தால் இந்தப் பள்ளத்தாக்கைத் 'தங்கப் பள்ளத்தாக்கு' என்பார்கள். மற்றது, 1879இல் இறந்து இங்குள்ள சென் மேரிஸ் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்ட ஆங்கிலப் புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கமரூனின் கல்லறை. தோட்டங்களின் வரலாறும், அவற்றை நடத்திய துரைமாரின் வரலாறும், ஓரளவுக்குத் தொழிற்சங்கங்களின் வரலாறும் எழுதப்பட்டிருக்கின்றன. இயந்திரங்களை ஓட வைத்தவர்களின் வரலாறு அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. தேயிலையை மக்கள் கொழுந்தாகவும் கூடையாகவுமே நினைக்கிறார்கள். ஆனால் பறித்த கொழுந்து அன்றைக்கே தொழிற்சாலைக்குள் போயாக வேண்டும். வாடி, அரைபட்டு, நொதித்து, காயவேண்டும். எந்த இயந்திரம் எந்த நேரத்தில் நின்றாலும் அந்த நாள் கொழுந்து கெட்டுப்போகும். ஆகவே நின்ற இயந்திரத்தைத் திரும்பவும் கிளப்புவது இந்த மலையில் தேயிலையோடு சேர்ந்தே வந்த தொழில்.

1869இல் கோப்பியில் இலைத்துரு நோய் தோன்றியதும், அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டிருந்ததும் எல்லோரும் அறிந்த கதை. அந்தக் கதையின் இயந்திரப் பக்கத்தை அவ்வளவாகச் சொல்வதில்லை. கையால் உருட்டிய கொழுந்தை இயந்திரத்தில் உருட்டத் தொடங்கியதும் தொழிற்சாலைக்கு ஒரு சக்தி வேண்டியிருந்தது. முதலில் ஓடைத் தண்ணீர் அதைக் கொடுத்தது: நீர்ச் சக்கரம், பிறகு டர்பைன். தண்ணீர் வற்றும் மாதங்களுக்காகவும் தண்ணீரே இல்லாத மேட்டுத் தோட்டங்களுக்காகவும் நீராவி எஞ்சின், அதன் பின் எண்ணெய் எஞ்சின். ஒரே எஞ்சின் ஒரு நீண்ட இரும்புத் தண்டைச் சுழற்றும். அந்தத் தண்டிலிருந்து தோல் பட்டிகள் ரோலருக்கும் சல்லடைக்கும் அடுப்பின் விசிறிக்கும் போகும். 1884இல் ரயில் ஹட்டனை எட்டியபின் கனமான இரும்பு மேலேறுவது எளிதாயிற்று. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் லக்சபான நீர்மின்சாரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார்; அந்த நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகளும், அதற்குப் பிறகும் சில காலம், தோட்டத் தொழிற்சாலைகளின் பெருமூச்செல்லாம் எண்ணெய் எஞ்சின்களின் பெருமூச்சுத்தான்.

அந்தப் பெரிய டீசல் எஞ்சினைக் கையால் சுழற்றிக் கிளப்ப முடியாது. அழுத்திய காற்றை ஒரு கனத்த இரும்புச் சிலிண்டரில் அடைத்து வைத்திருப்பார்கள். எஞ்சினின் சக்கரத்தைச் சரியான நிலைக்குத் திருப்பி நிறுத்தி, வால்வைத் திறந்தால், காற்று பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். இரண்டொரு சுற்றுக்குள் எண்ணெய் பற்றிக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போதே அடுத்த தடவைக்கான காற்றை அது மீண்டும் சிலிண்டருக்குள் நிரப்பிவிடும். இந்த ஏற்பாட்டைச் சற்று நின்று கவனிக்கவேண்டும், ஏனென்றால் இன்றைய மோட்டார் சைக்கிளின் செல்ஃபும் இதே ஏற்பாடுதான். சக்தியைச் சேர்த்துவைக்கும் ஒரு பாத்திரம், அதை வெளியே விடும் ஒரு வால்வு, கொண்டுசெல்லும் ஒரு குழாய், அதை அசைவாக மாற்றும் ஓர் உறுப்பு, ஓடும்போது பாத்திரத்தைத் திரும்ப நிரப்பும் ஒரு வழி. காற்றுச் சிலிண்டர் இருந்த இடத்தில் பெட்டரி, வால்வின் இடத்தில் ரிலே, குழாயின் இடத்தில் செம்பு வயர். காலையில் எஞ்சின் கிளம்பவில்லை என்றால் எஞ்சின் டிரைவர் பிஸ்டனைக் கழற்ற மாட்டார். காற்றுச் சிலிண்டரின் அழுத்தமானியைப் பார்ப்பார். அது இறங்கியிருந்தால் எங்கே கசிந்தது என்று குழாய் மூட்டுக்களைத் தடவுவார். பாத்திரம், வழி, இயந்திரம் என்ற வரிசை மின்சாரம் வருமுன்பே மலையில் நடைமுறையில் இருந்தது.

இதற்கு ஒரு கனமான மறுப்பு உண்டு. எஞ்சின் அறை துரையின் உடைமை. அதில் உத்தியோகம் பார்த்தவர்கள் பெரும்பாலும் தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களுக்கு வெளியிலிருந்து வந்தவர்கள். மலைநாட்டுத் தமிழருக்கு அந்த அறிவில் பங்கேது என்று கேட்டால், அது நியாயமான கேள்வி. சம்பளப் பட்டியலைப் பார்த்தால் பங்கு குறைவுதான். ஆனால் அடுப்புக்கு விறகு போட்டவர்களும், அறுந்த பட்டியைத் தைத்து மாட்டியவர்களும், தண்டின் பேரிங்குகளுக்கு எண்ணெய் விட்டவர்களும் தோட்டத்து மக்களே. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே எழுபதுகளில்தான். தொழிற்கல்விச் சான்றிதழுக்கு வழியில்லாத ஒரு சமூகத்துக்குப் பார்த்துப் பழகியதுதான் பள்ளிக்கூடம். அப்படிப் பழகியதை எந்தப் பதிவேடும் குறித்து வைக்காததால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது. கொழும்புக்குக் கடை வேலைக்கும் கராஜ் வேலைக்கும் போன இளைஞர்கள் பின்னாளில் ஊருக்குக் கொண்டுவந்த கைத்திறன், வெறும் நிலத்தில் விழவில்லை என்பதுதான் என் கருத்து.

பழுது பார்க்கும் தொழிலுக்கு மலையில் ஒரு வணிக வரலாறும் உண்டு. 1854இல் ஜோன் வோக்கர் கண்டியில் கோப்பித் தோட்டங்களுக்கு இயந்திரம் செய்யத் தொடங்கினார். பிரவுன் கம்பனி 1875இல் ஹட்டனில், தோட்டங்களின் இயந்திரங்களைப் பார்க்கும் பொறியியல் நிறுவனமாகவே பிறந்தது. அதே பிரவுன்ஸ் பின்னாளில் இலங்கை வீடுகளில் அறியப்பட்டது எக்சைட் பெட்டரி விற்பவர்களாக. ஹட்டனில் நீராவிக்கும் பட்டிக்கும் வேலை செய்யத் தொடங்கிய பெயர் பெட்டரிக் கடையின் பலகையில் வந்து நிற்பது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் மலையில் இயந்திரத்தைக் கிளப்பும் சக்தி எந்தப் பாத்திரத்திலிருந்து எந்தப் பாத்திரத்துக்கு மாறியது என்பதை இந்த ஒரு கம்பனியின் சரித்திரமே காட்டிவிடுகிறது.

மோட்டார் சைக்கிள் தோட்டங்களுக்குள் வந்தது சின்னத்துரைமாரின் வாகனமாக. மலை முழுதும் நெளிந்து கிடக்கும் தோட்டப் பாதைகளில் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குப் போக அதைவிட வசதியானது வேறில்லை. அந்தக் காலத்து ஆங்கில வண்டிகளில் பலவற்றுக்கு எஞ்சினைக் கிளப்பப் பெட்டரியே வேண்டாம். மேக்னெட்டோ தன் தீப்பொறியைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். கால் ஒரு உதை கொடுத்தால் போதும். பெட்டரி இருந்தால் விளக்குக்கு, அவ்வளவே. மலையில் இன்னொரு உதவியும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. பள்ளத்தில் வண்டியை உருட்டி, இரண்டாம் கியரில் போட்டு, கிளச்சை விட்டால் எஞ்சின் பற்றிக்கொள்ளும். பொகவந்தலாவையில் எந்த வாசலிலிருந்து எடுத்தாலும் பத்தடிக்குள் ஒரு சரிவு. சமதரையில் வண்டி ஓட்டுகிறவருக்கு இல்லாத ஸ்டார்டரை மலைக்காரருக்கு நிலமே கொடுத்திருந்தது. இதன் விளைவாக அக்காலத்துப் பழுதுபார்ப்பு பிளக், பொயின்ட், காபுரேட்டர் என்ற மூன்றைச் சுற்றியே நடந்தது. பெட்டரியை எவரும் பொருட்படுத்தவில்லை. பொருட்படுத்த வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இதே காலத்தில் அமெரிக்காவில் நடந்ததை இங்கே சேர்த்துச் சொல்லவேண்டும். கார் எஞ்சினை மோட்டாரால் கிளப்ப முடியாது என்று பலர் எண்ணியிருந்தார்கள். அவ்வளவு பலமுள்ள மோட்டார் மிகப் பெரியதாக இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. சார்ல்ஸ் கெட்டரிங் அதற்கு முன் கடைகளின் பணப்பெட்டி இயந்திரத்துக்கு மோட்டார் பொருத்தியவர். சில கணங்கள் மட்டும் வேலை செய்யவேண்டிய மோட்டாரை அதன் தாங்குசக்திக்கு மேலே பல மடங்கு வருத்தலாம், சூடேறுமுன் அது ஓய்ந்துவிடும் என்று அவருக்கு அங்கேயே தெரிந்திருந்தது. அந்தத் தத்துவத்தில் செய்த ஸ்டார்டர் 1912ஆம் ஆண்டின் கடிலாக் கார்களில் வந்தது. இரண்டே ஆண்டில், 1914இல், இந்தியன் மோட்டார் சைக்கிள் கம்பனி அதை இருசக்கர வண்டிக்குக் கொண்டுவந்தது. நிறுவனர் ஜோர்ஜ் ஹெண்டியின் பெயராலேயே 'ஹெண்டி ஸ்பெஷல்' என்றழைக்கப்பட்ட அந்த வண்டியில் ஒரே இயந்திரம் மோட்டாராகவும் டைனமோவாகவும் வேலை செய்தது. வண்டி தோற்றது, அடுத்த ஆண்டே கைவிடப்பட்டது. தோற்றதற்குக் காரணம் மோட்டார் அன்று. அக்காலத்துப் பெட்டரி மோட்டார் சைக்கிளின் அதிர்ச்சியையும் அடிக்கடி நிறுத்திக் கிளப்புவதையும் தாங்கவில்லை; போன சார்ஜ் திரும்பி வரவில்லை. செல்ஃப் வைத்த முதல் மோட்டார் சைக்கிளுக்கு நேர்ந்த கதியே இன்றைக்குச் செல்ஃப் வேலை செய்யாத வண்டியைப் பார்க்கவேண்டிய வரிசையைச் சொல்லிவிட்டது. ஆனால் மக்கள் நினைவில் நின்றது, மோட்டார் சைக்கிளுக்குச் செல்ஃப் சரிவராது என்பதுதான். பொதுவில் வைத்து மோட்டார் மேல் போட்ட முதல் பழி அதுவாகத்தான் இருக்கும்.

அந்தப் பழியைத் துடைக்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு பிடித்தது. 1958இல் ஹொண்டா சுப்பர் கப் வந்தது. அதன் செல்ஃப் வைத்த வடிவம் 1960இல் வந்தது. இலங்கைக்கோ இந்த மாற்றம் வேறொரு வழியில் வந்தது. 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்பட்டிருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்தபின்தான் ஜப்பானிய வண்டிகளும் பின்னர் இந்திய வண்டிகளும் பெருகின. ஜப்பானில் தபால்காரருக்கென்று செய்த ஹொண்டா எம்டி 90, அங்கே ஓடி முடிந்து இங்கே வந்து இரண்டாம் வாழ்வு வாழ்ந்தது. அதற்கும் பின்னால் வந்த சிறிய இந்திய வண்டிகள் பலவற்றுக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு: தீப்பொறிக்கான மின்சாரம் எஞ்சினிலுள்ள காந்தச் சக்கரத்திலிருந்து நேரே வரும். பெட்டரி செத்துக் கிடந்தாலும் கிக் அடித்தால் வண்டி ஓடும். ஹோர்ன் அடிக்காது, சிக்னல் மின்னாது, அவ்வளவுதான். பெட்டரி இல்லாமலே மாதக்கணக்கில் ஓடிய வண்டிகள் மலையில் ஏராளம். நம் ஊர் வண்டிக்காரரின் மனதில் பெட்டரி எஞ்சினோடு சம்பந்தமில்லாத ஓர் அலங்காரமாகப் பதிந்தது இப்படித்தான். பின்னர் அதே மனம் செல்ஃப் வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது, பட்டனை அமுக்கினால் வேலை செய்வது மோட்டார், ஆகவே வேலை செய்யாவிட்டால் குற்றமும் மோட்டாருடையது என்று முடிவு கட்டியது. மேக்னெட்டோ வண்டியிலும் கிக் வண்டியிலும் அரை நூற்றாண்டு நியாயமாக இருந்த பழக்கம், பெட்டரியே முதலாகிவிட்ட வண்டிக்கு வந்தபோது பிழையாகிவிட்டது. அறியாமை என்று இதைத் தள்ளிவிடுவது சரியல்ல.

ஓட்டோவிலும் இதே மாற்றம் நடந்தது, இன்னும் வேகமாக. பழைய இரண்டு ஸ்ட்ரோக் பஜாஜ் ஓட்டோவில் சாரதியின் காலருகே தரையில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை மேலே இழுத்தால் எஞ்சின் கிளம்பும். 2008இலிருந்து இரண்டு ஸ்ட்ரோக் முச்சக்கர வண்டிகளின் இறக்குமதி நிறுத்தப்பட்டது. நான்கு ஸ்ட்ரோக் வண்டியோடு செல்ஃப் வழக்கமாயிற்று. நாடெங்கும் பத்து இலட்சத்துக்கு மேல் பதிவான முச்சக்கர வண்டிகளில் மலையக நகரங்களின் பங்கு, ஹட்டன் பஸ் நிலையத்தையும் பொகவந்தலாவை பஜாரையும் பார்த்த எவருக்கும் தெரியும். தோட்டத்திலிருந்து பிள்ளை பெறப் போகிறவரையும் நோயாளியையும் ஏற்றுவது பெரும்பாலும் ஓட்டோதான். நாளைக்கு இருபது முப்பது தடவை நிறுத்திக் கிளப்பப்படும் வண்டி அது. செல்ஃப் நின்றால் அன்றைய வருமானம் நின்றது.

இனி அந்தப் பழுதையே கிட்ட வைத்துப் பார்க்கலாம். பட்டனை அமுக்குகிறார்கள்; 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும். வண்டிக்காரர் சொல்கிறார்: பெட்டரி நல்லாத்தான் இருக்கு, ஹோர்ன் அடிக்குது, லைட் எரியுது. மெக்கானிக் ஒரு டெஸ்ட் பல்பை எடுத்து, மோட்டாரிலிருந்து கழற்றிய வயரின் முனையில் வைத்துப் பட்டனை அமுக்கினால் பல்பு எரியக்கூடும். கரண்ட் வருகிறது, மோட்டார் சுற்றவில்லை, ஆகவே மோட்டார்தான் என்று தீர்ப்புச் சொல்லத் தோன்றும். தவறு இங்கேதான் நடக்கிறது. டெஸ்ட் பல்பு குடிப்பது கால் ஆம்பியர். ஸ்டார்டர் மோட்டார் இழுப்பதோ ஐம்பது ஆம்பியர் அளவில். பெட்டரியின் முனையிலோ, சேஸியில் எர்த் வயரை இறுக்கிய போல்ட்டிலோ, ரிலேக்குள் கருகிய செம்பு வட்டிலோ 0.1 ஓம் அளவுக்குத் துரு ஏறியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கால் ஆம்பியருக்கு அங்கே தொலைவது 0.025 வோல்ட், பல்புக்குத் தெரியவே தெரியாது. ஐம்பது ஆம்பியரை அந்த இடத்தால் இழுக்கப் பார்த்தால் ஐந்து வோல்ட் அந்த மூட்டிலேயே தொலைந்துவிடும். பன்னிரண்டு வோல்ட் பெட்டரியில் மோட்டாருக்கு மிஞ்சுவது பாதிக்குச் சற்று மேல். சுமை இல்லாதபோது மின்சாரம் இருக்கிறதா என்று கேட்பது ஒரு கேள்வி. சுமை ஏறும்போது அது நிற்கிறதா என்று கேட்பது முற்றிலும் வேறு கேள்வி. ஹோர்னும் லைட்டும் டெஸ்ட் பல்பும் முதல் கேள்விக்குத்தான் பதில் சொல்கின்றன.

ஆகவே அளவு பட்டனை அமுக்கிக்கொண்டிருக்கும்போதே எடுக்கப்பட வேண்டும். ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும் பெட்டரி, அமுக்கும்போது பத்துக்குக் கீழே சரிந்து ஏழு, ஆறு என்று விழுந்தால் பெட்டரியில் சத்தில்லை. 'டிக் டிக் டிக்' என்று ரிலே படபடப்பதும் பெரும்பாலும் இதன் அறிகுறி. பெட்டரியில் பன்னிரண்டு அப்படியே நிற்க, மோட்டார் முனையில் ஒன்றுமே இல்லாவிட்டால் இடையில் எங்கோ வழி அடைத்திருக்கிறது. மீற்றரின் ஒரு முனையைப் பெட்டரியின் நெகட்டிவிலும் மற்றதை மோட்டாரின் உடம்பிலும் வைத்து அமுக்கிப் பார்த்தால் எர்த்தின் யோக்கியதை தெரிந்துவிடும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் போல்ட்டைக் கழற்றிச் சுரண்டவேண்டியதுதான். ரிலேயே 'டிக்' என்று சொல்லாவிட்டால் சந்தேகம் ஃபியூஸ், நியூட்ரல் சுவிட்ச், கிளச் சுவிட்ச், ஸ்டாண்ட் சுவிட்ச், பட்டனின் உள்பக்கம் என்று மெல்லிய வயர்ப் பக்கம் போகிறது. மோட்டார் விர்ரென்று சுற்றியும் எஞ்சின் அசையாவிட்டால் இரண்டையும் இணைக்கும் ஒருவழிக் கிளச் நழுவுகிறது. இத்தனையும் தாண்டி, மோட்டாரின் முனையில் சுமையோடும் பத்து வோல்ட்டுக்கு மேல் வந்து, எர்த்தும் சுத்தமாக இருந்து, எஞ்சின் கையால் சுழன்றும் மோட்டார் அசையவில்லை என்றால்தான் அது குற்றவாளி. அப்போதும் திறந்து பார்த்தால் பெரும்பாலும் தேய்ந்தது கார்பன். கொமியூட்டேட்டரின் பள்ளங்களில் கரித்தூள். கார்பனை மாற்றி, மணல்தாளால் மெல்லத் துடைத்தால் எழுந்துவிடும்.

மலையில் மோட்டாரே உண்மையில் அதிகம் கெடுகிறது, சமவெளிக் கணக்கு இங்கே செல்லாது என்று ஒருவர் வாதிடலாம். வைகாசியிலிருந்து மாதக்கணக்கில் பெய்யும் தென்மேற்குப் பருவமழை, எப்போதும் ஈரமான பனி, செம்மண் சேறு. உண்மைதான், மோட்டாரின் ஓ-ரிங் வெடித்தால் தண்ணீர் உள்ளே போகும், பேரிங் துருப்பிடிக்கும். ஆனால் அதே மழையும் பனியும் மோட்டாரைத் தொடுமுன் தொடுவது வெளியே திறந்து கிடக்கும் முனைகளையும் எர்த் போல்ட்டையும் சுவிட்சுக்களையும். குளிரும் அதே பக்கம்தான் சாய்கிறது. ஈய-அமில பெட்டரி உறைநிலையை நெருங்கும்போது தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். மலைக் காலையில் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் இழப்பு இழப்புத்தான். அதே குளிரில் எஞ்சின் ஒயிலும் தடித்துப்போய்க் கூடுதல் பலம் கேட்கும். லயனிலிருந்து பஜாருக்கு, பஜாரிலிருந்து பாடசாலைக்கு என்று குறுகிய ஓட்டங்கள் வேறு. ஒவ்வொரு தடவையும் செலவான சார்ஜ் திரும்ப ஏறுமுன் வண்டி நின்றுவிடுகிறது. மோட்டாருக்கு உண்மையான கேடு செய்வது வேறொன்று: கிளம்பாத வண்டியில் பட்டனை அமுக்கியபடியே இருப்பது. கெட்டரிங்கின் மோட்டார் சில விநாடிக்கென்று அளந்து செய்யப்பட்டது. மெலிந்த பெட்டரியில் அதை அரை நிமிடம் திணறவிட்டால் சுருள் கருகும். கருகிய மோட்டாரைக் கழற்றிப் பார்த்து 'மோட்டார்தான்' என்றால் அது உண்மைதான், ஆனால் கருக வைத்தது பெட்டரி.

புதிய மோட்டாரை வாங்கிப் போட்டால் வேலை முடிந்ததே என்பது இன்னொரு வாதம். கடைகள் நிறைந்திருந்த காலத்தில் அது ஓரளவு எடுபட்டது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை நிறுத்துவதாக அறிவித்தது. அந்த ஆண்டின் நடுவில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர் பெற்றோல். ரூபாய் சரிந்து உதிரிப்பாகங்களின் விலை ஏறியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். ஐந்து ஆண்டுகள் நாட்டில் இருந்த வண்டிகளே கிழடாகிக்கொண்டு ஓடின. அந்த நிலையில், நாட்சம்பளம் வாங்கும் குடும்பத்தின் வண்டிக்குத் தேவையில்லாமல் ஒரு மோட்டார் மாற்றச் சொல்வது பல நாள் கூலியைக் கேட்பது. அதைவிடக் கொடுமை, எர்த் போல்ட் துருவோடு இருக்கும்வரை புது மோட்டாரும் சுற்றாது. வரிசையாகப் பார்க்கும் மெக்கானிக்கை மக்கள் தேடிப் போவது அவர் கெட்டிக்காரர் என்பதற்காக மட்டுமன்று. தம் கூலியை அவர் காப்பாற்றிக் கொடுக்கிறார் என்பதற்காகவும்தான்.

கிக் இருக்கும்போது இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்ற கேள்விக்கு வலு குறைந்துகொண்டே வருகிறது. 2007இல் வந்த பஜாஜ் பல்சர் 200 கிக் லிவர் இல்லாமலே வந்தது. அதன் பின் பெரிய வண்டிகளில் அது வழக்கமாகிவிட்டது. மலையின் சரிவு கொடுத்த இலவச ஸ்டார்டரும் பறிபோயிற்று. ஸ்கூட்டரில் இருப்பது தானாக இறுகும் கிளச். எஞ்சின் வேகமெடுத்தால்தான் அது பிடிக்கும். ஆகவே எவ்வளவு செங்குத்தான இறக்கத்தில் உருட்டினாலும் சக்கரம் எஞ்சினைச் சுழற்றாது. பெற்றோலை ஊசியால் தெளிக்கும் புதிய வண்டிகளில் பெட்டரி முற்றாக இறங்கிவிட்டால் பம்பும் கணினியும் விழிக்காது, தள்ளினாலும் பயனில்லை. இதையெல்லாம் நட்டம் என்று மட்டும் கணக்கிடக் கூடாது. கிக் அடிக்கும் காலின் பலம் தேவையில்லாமல் போனதால்தான் டியோவிலும் ஸ்கூட்டியிலும் ஆசிரியைகளும் மருத்துவ மாதுக்களும் மலைப் பாதைகளில் தனியாகப் போகிறார்கள். இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் தோட்டப் பாதையில் மோட்டார் வண்டி ஓட்டுவது அரிய காட்சி. அவர்களின் வண்டிக்குச் செல்ஃப் ஒரு சொகுசு அன்று. வேலைக்குப் போகும் வழி. அந்த வழியைக் காக்கும் மெக்கானிக்கின் அறிவும் அந்த அளவுக்குப் பெரிய விஷயம்தான்.

இனி வரும் வண்டிகளில் இந்த முறை செல்லுமா என்று ஐயப்படுகிறவர்களுக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஹொண்டாவின் புதிய ஸ்கூட்டர்களில் தனியாக ஸ்டார்டர் மோட்டாரே கிடையாது. எஞ்சின் தண்டிலேயே பூட்டிய ஒரே சுருள் தொகுதி, கிளப்பும்போது மோட்டாராகவும் ஓடும்போது ஜெனரேட்டராகவும் வேலை செய்கிறது. அதில் தேய்வதற்குக் கார்பன் இல்லை, கருகுவதற்குக் கொமியூட்டேட்டர் இல்லை, நழுவுவதற்கு ஒருவழிக் கிளச் இல்லை. பட்டனை அமுக்கியும் அது அசையாவிட்டால் சந்தேகிக்க மிஞ்சுவது பெட்டரி, அதன் முனைகள், எர்த், ஃபியூஸ், சுவிட்சுக்கள், சென்சர், அதை ஆளும் மின்னணுப் பெட்டி. கடைசி இரண்டுக்கு மட்டும் புதிய கருவியும் புதிய படிப்பும் வேண்டும். அந்தப் படிப்பைத் தமிழில், ஹட்டனைத் தாண்டாமல், தோட்டத்துப் பிள்ளைகள் பெறுவதற்கு ஏற்பாடு வேண்டும். மற்றவற்றுக்குப் பட்டனை அமுக்கியபடி மீற்றரைப் பிடிக்கத் தெரிந்த கையும், துருவைச் சுரண்ட ஒரு மணல்தாளும் போதும்.